கணினியின் முதுகுப்பக்கம்

கிண்ணியாவில் மீன் சந்தைக்குப் போகும் ஒழுங்கையில், சுஹைராவின் வீட்டு முன்னறை யன்னல் இப்போதெல்லாம் திறந்தே கிடக்கிறது. இதுவும் ஒரு செய்தியா என்று கேட்பவர் அந்த ஒழுங்கைக்குப் புதியவராக இருக்க வேண்டும். இரண்டு வருடமாக அந்த யன்னல் திறந்ததில்லை. கொளுத்தும் வெயிலிலும் கொக்கி போட்டு, அதன்மேல் திரை போட்டு, திரையின் ஓரங்களுக்கு ஊசியும் குத்தியிருந்தது. உள்ளே ஒரு மனுசி எப்படி உயிரோடு இருக்கிறாள் என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்டார்கள். மனுசி நன்றாகத்தான் இருந்தாள். மூச்சு முட்டியது அவளுடைய கணினிக்கு.

சுஹைராவுக்கு முப்பத்தாறு வயது. ஆள் கட்டை, நடை வேகம், வாய் அதைவிட வேகம். எந்தச் சாமானையும் அது வந்த வேகத்தில் விட்டுவைக்க அவளால் முடியாது. தையல்காரியாக இருந்த காலத்தில், கணவன் தாஹிர் எங்கோ கழற்றிக் கொண்டுவந்து போட்ட மோட்டர் ஒன்றைக் கால்மிதி மெஷினில் பூட்டி ஓடவிட்டாள். முதல் நாளே ஊசி மூன்று துண்டாகி, மாமியின் ஹபாயாவில் ஒரு கை முழங்கையோடு ஒட்டித் தைபட்டுவிட்டது. மாமி அதைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையை நீட்ட முடியாமல் நின்ற கோலத்தை சுஹைரா இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். ஆனால் அவள் மோட்டரைக் கழற்றவில்லை. வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் நூலின் இறுக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அடுத்த கொஞ்சம் என்று ஒரு மாதத்தில் கண்டுபிடித்தாள். இந்தப் பாடம் பின்னால் பெரிய இடத்தில் கைகொடுத்தது.

தாஹிர் நேர் எதிர். நிலாவெளி ஹோட்டல்களில் ஏசியும் ஃபிரிட்ஜும் திருத்துகிறவர். நிதானமான மனிதர். ஒரு கேள்வி கேட்டால் அவர் பதில் சொல்வதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். சொல்லும் பதில் பெரும்பாலும் சரியாக இருக்கும் என்பதுதான் சுஹைராவுக்கு எரிச்சல்.

கிண்ணியாக் கல்யாணங்களில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. ஆண்கள் பக்கத்தில் படம் பிடிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை, பார்ப்பதற்குத்தான் அங்கே ஒன்றும் கிடையாது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஆறு ஆறு பேராகச் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சோற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நகையும் மருதாணியும் சிரிப்பும் பாட்டும், யாருக்கு முன்கதிரை என்ற சண்டையும், எல்லாம் பெண்கள் பக்கத்தில். அங்கே கமரா நுழையாது, ஏனென்றால் கமராவுக்குப் பின்னால் ஓர் ஆண் நிற்பான். அப்படியே ஒரு பெண் பிடித்தாலும் அதை வெட்டி ஒட்டித் தருவது டவுன் ஸ்டூடியோவில் இருக்கும் ஒரு பையன். முக்காடு இல்லாமல் சிரித்த முகத்தை முன்பின் தெரியாத ஒருவன் பெரிய திரையில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பான் என்றால் எந்தத் தாய் சம்மதிப்பாள்?

சுஹைரா அந்த இடத்தில் புகுந்தாள். தையலை விட்டாள், கமரா வாங்கினாள். கொழும்பில் பெண்களே நடத்தும் ஒரு ஸ்டூடியோவில் மூன்று வாரம் தங்கி எடிட்டிங் படித்தாள். கல்யாண வீட்டுப் பெண்களுக்கு அவள் கொடுத்த வாக்கு ஒன்றுதான்: எடுப்பதும் நான், வெட்டுவதும் நான், இடையில் ஒரு ஆணின் கண் படாது. இது என் கையில் இருக்கும் அமானத்து. நம்பிக் கையில் தந்த பொருளுக்கு அமானத்து என்று பெயர். அதைக் கெடுத்தவளுக்கு ஊரில் மட்டுமல்ல, மறுமையிலும் கணக்கு இருக்கிறது.

கொழும்பில் படித்ததெல்லாம் அப்பிள் கணினியில். கை அதற்கே பழகிவிட்டது. அவள் காசு கொடுத்து வாங்கிய எடிட்டிங் மென்பொருளும் அதில் மட்டுமே ஓடும். புதிய அப்பிள் கணினியின் விலையை தாஹிரிடம் சொன்னாள். அவர் வழக்கம்போல யோசித்துவிட்டு, “அந்த விலைக்கு உள்ளுக்க ஏசியும் வெச்சுத் தருவாங்களா?” என்று கேட்டார்.

வழி காட்டியவன் ஜெனிஸ்டன். திருகோணமலை டவுனில் பழைய கணினி விற்கிற கத்தோலிக்கப் பையன். பையன் என்றாலும் நாற்பது வயது, தலையில் பாதி முடிதான் மிச்சம். சாதாரண உதிரிப் பாகங்களைச் சேர்த்து ஒரு பெட்டி கட்டலாம், அதற்குள் அப்பிளின் மென்பொருளைக் குடியேற்றலாம், நீ இருப்பது உன் சொந்த வீட்டில்தான் என்று அதை நம்பவைக்கச் சில சின்னக் கோப்புகள் உண்டு என்று அவன் சொன்னதும் சுஹைராவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்துவிட்டது.

“ஆனா அக்கா, நான் கட்டித்தந்தா ஒவ்வொருக்காலும் பழுதாகேக்க நான்தான் வரோணும். நீங்களே கட்டுங்கோ. நான் ஃபோனில சொல்லுறன்.”

“நானே கட்டுறன். ஸ்குரூதானே? ஊசியில நூல் கோத்த கைக்கு ஸ்குரூ பெரிய வேலையா?”

பாகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. வேகம் கூட்டக்கூடிய புரொசெசர் ஒன்று, யாரோ விளையாட்டுப் பிரியன் விற்றது. கண்டியில் ஒருத்தர் கணினியால் இணையக் காசு தோண்டுகிறேன் என்று இரவுபகலாக ஓடவைத்துக் களைத்துப்போன கிராபிக்ஸ் கார்ட் ஒன்று. ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோர் கழித்துப் போட்ட பெட்டி. பவர் சப்ளை மட்டும் புதிது. மற்றதெல்லாம் பழசு வாங்கலாம், அதை மட்டும் பழசு வாங்கக்கூடாது என்று ஜெனிஸ்டன் அடித்துச் சொல்லியிருந்தான். சாப்பாட்டு மேசையில் புது விரிப்பை விரித்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, தையல்பெட்டியின் சின்னத் திருப்புளியால் சுஹைரா பூட்டினாள். இரண்டு நாள் அந்த வீட்டில் குசினியில் நின்றுதான் சாப்பாடு.

பூட்டியது எளிது, குடியேற்றியது கடினம். திரையில் வெள்ளை எழுத்துகள் விழுந்தடித்துக்கொண்டு ஓடும், ஓரிடத்தில் நின்றுவிடும். கோப்பில் ஒரு வரியை மாற்ற வேண்டும், மறுபடி ஏற்ற வேண்டும். பத்தொன்பது தடவை நின்றது. அந்தக் கடைசித் தடவைக்குப் பிறகு அவள் வாய்விட்டு அழுதாள். பிறகு முகம் கழுவி, அஸர் தொழுது, இருபதாவது தடவை ஏற்றினாள். கருந்திரையின் நடுவில் சின்னதாக ஒன்று வெளிச்சமிட்டது. மேசைக்குப் பின்னால் வயரைப் பிடித்துக்கொண்டு நின்ற தாஹிர், “என்ன தெரியுது?” என்று கேட்டார்.

“பழம்,” என்றாள் சுஹைரா.

அவர் சுற்றி வந்து பார்த்தார். கடித்த பழம்தான். அந்தக் கணினியின் திரையில் அவர் பார்த்த முதல் காட்சி அது. அடுத்த கிழமை முதலாவது கல்யாண வீடியோ உள்ளே ஏறியது. அன்றோடு அந்த அறை ஆண்களுக்கு மூடிவிட்டது. ஏதாவது கழன்றால், சூடானால், எலி வயரைக் கடித்தால் தாஹிர் வரவேண்டும், ஆனால் கண்ணைத் தரையில் போட்டபடி வந்து மேசைக்குப் பின்னால் குந்த வேண்டும். இரண்டு வருடமாக அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கணினியின் முதுகுப்பக்கம்தான். ஜெனிஸ்டனுக்கு அதுவும் இல்லை. அவன் வருவதென்றால், வீடியோ இருக்கும் டிஸ்க்கைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்ட பிறகுதான் சுஹைரா கதவைத் திறப்பாள்.

ஒரு சங்கடம் மட்டும் அவளுக்கு இருந்தது. மென்பொருளோடு வரும் நீண்ட ஒப்பந்தத்தை உலகத்தில் யாரும் வாசிப்பதில்லை. சுஹைரா வாசித்தாள். அப்பிள் பெட்டியில் மட்டும் போட வேண்டும் என்று அதில் இருந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில், கை நிமிர்ந்ததும் சொந்தமாக ஒரு அசல் பெட்டி வாங்குவேன் என்று மனதுக்குள் நிய்யத்து வைத்துக்கொண்டாள்.

“நிய்யத்துக்கு வாரண்டி எத்தின வருசம்?” என்று தாஹிர் கேட்டார். அன்றைக்கு அவருக்குத் தேத்தண்ணியில் சீனி இல்லை.

பெட்டி ஓடியது. ஓடினால் போதுமா? தையல் மெஷினையே சும்மா விடாதவள் இதை விடுவாளா? புரொசெசரின் வேகத்தை ஓர் எண்ணால் சொல்வார்கள். இதற்கு முப்பத்தைந்து. எண்ணைக் கூட்டினால் வீடியோ சீக்கிரம் முடியும், சூடும் ஏறும். கொடுக்கும் மின்சாரத்தையும் கூடவே அளந்து கொடுக்க வேண்டும். கூடினால் கருகும், குறைந்தால் மயங்கும். ஜெனிஸ்டன் ஃபோனில் நடுங்கினான்.

“அக்கா, ஓவர்க்ளொக் எண்டது பெடியளின்ட விளையாட்டு. உங்களுக்கு ஏன்?”

“இது நூல் இறுக்கம்தான் தம்பி. எனக்குத் தெரியும்.”

தெரிந்துதான் இருந்தது. ஒரு நாளைக்கு ஓர் எண்தான் கூட்டினாள். பழைய அளவுக் கொப்பியில், முன்பு இடுப்பளவும் தோளளவும் எழுதிய பக்கங்களுக்குப் பின்னால், கணினியின் குணத்தை எழுதிவைத்தாள். முப்பத்தாறிலிருந்து நாற்பத்துநாலு வரை, நல்ல பிள்ளை. நாற்பத்தைந்து, நல்ல பிள்ளை. நாற்பத்தாறு, முணுமுணுக்குது. நாற்பத்தேழு, கோபம், ஆனா சொல் கேக்குது. நாற்பத்தெட்டு, மயக்கம். நாற்பத்தேழில் நிறுத்தினாள். ஐந்தேமுக்கால் மணி நேரம் எடுத்த வேலை நாலேகால் மணியில் முடிந்தது. டவுன் ஸ்டூடியோக்காரர்களே வாயைப் பிளந்தார்கள். அவள் செய்த ஒரு பிழை அப்போது யாருக்கும் தெரியவில்லை. இத்தனையும் அவள் சோதித்துப் பார்த்தது மார்கழி மாதத்தில். வெளியே அடைமழை, உள்ளே போர்வை. அந்தக் குளிரில் நாற்பத்தேழு என்ன, தண்ணி குடிக்கிற மூக்குப் பேணியும் வேகமாக ஓடும்.

பெருநாள் முடிந்த சித்திரை வெயிலில் ரிஸ்லாவின் கல்யாணம் வந்தது. ரிஸ்லாவின் தாய் ரபீக்கா, ஊரில் எதையும் இலேசில் நம்பாதவள். மீன்காரனின் தராசை அவனுக்கே திருப்பிப் பிடித்துக் காட்டுகிற ஆள். தன் வீட்டுப் பெண்கள் பக்கத்தில் கமரா வரவே வராது என்று ஆறு மாதம் நின்றாள். கல்யாணம் முடிந்த கையோடு மகள் மாப்பிள்ளையுடன் கட்டார் போகிறாள், பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது வேண்டும் என்று மகள் அழுத பிறகுதான் சம்மதித்தாள். சுஹைராவின் கையைப் பிடித்துக்கொண்டு, “புள்ள, நான் சிரிச்சி முப்பது வருசம். அண்டைக்கு நான் சிரிப்பன், பாட்டும் படிப்பன். அது என்ட புள்ளைக்கு மட்டும்,” என்றாள்.

“அல்லாவுக்காக ராத்தா. ஒரு கண் படாது.”

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு ரிஸ்லாவின் வேன் விமான நிலையத்துக்குப் புறப்படுகிறது. வீடியோ வியாழனே முடிந்திருக்கும். ஆனால் பெண்கள் பக்க வீடியோவுக்கு ஒரு சட்டம் உண்டு: வந்த மாமிமார், சாச்சிமார் எல்லோருடைய முகமும் ஒருதடவையாவது வர வேண்டும். ஒருத்தி விடுபட்டால் இரண்டு குடும்பங்கள் பத்து வருடம் பேசாது. விடுபட்டவர்களின் பட்டியல் வெள்ளி பின்னேரம் வந்தது. நாலு பேர், அதில் ஒருத்தி மாப்பிள்ளையின் தாயுடைய சொந்தத் தங்கை. சுஹைரா சனி விடியற்காலை சுபஹுக்கு எழும்பி உட்கார்ந்து, நாலு பேரையும் தேடிப் பிடித்துப் பாட்டுக்குள் நுழைத்து, ஒன்பது மணிக்கு முழு வீடியோவையும் ஒரே கோப்பாக வார்க்கவிட்டாள். நாலேகால் மணி நேரம். ஒன்றேகாலுக்கு முடியும். தாராளம்.

ஒன்பது நாற்பதுக்குத் திரை உறைந்தது. பிறகு கறுத்தது. பிறகு கணினியே நின்றுவிட்டது.

மறுபடி ஏற்றினாள். அரை மணியில் மறுபடி நின்றது. பத்தேமுக்கால் ஆகிவிட்டது. ஜெனிஸ்டனுக்கு ஃபோன் எடுத்தாள்.

“எண்ணைக் குறையுங்கோ அக்கா. பழைய முப்பத்தஞ்சில விடுங்கோ, நிக்காது.”

“முப்பத்தஞ்சில விட்டா அஞ்சேமுக்கால் மணித்தியாலம். நாலரையாகும். வேன் நாலுக்கு.”

“அப்ப டிஸ்க்கைக் கொண்டு கடைக்கு வாங்கோ. இஞ்ச நல்ல மெஷின் ஒண்டு...”

அவன் சொல்லி முடிக்கும்முன் தானே நிறுத்திக்கொண்டான். கடையில் மூன்று ஆண்கள் வேலை செய்கிறார்கள். முப்பது வருடத்துக்குப் பிறகு ரபீக்கா சிரித்த சிரிப்பு அந்த டிஸ்க்குக்குள் இருக்கிறது. இன்றைக்கு அது போகாவிட்டால் அந்தப் பிள்ளை வெறுங்கையோடு விமானம் ஏறும். கடைக்குக் கொண்டுபோனால் சுஹைரா என்ற பெயரை நம்பி இனி ஒரு கதவும் திறக்காது.

“இஞ்ச வாங்க,” என்று தாஹிரைக் கூப்பிட்டாள்.

அவர் கண்ணைத் தரையில் போட்டபடி வந்து தன் வழக்கமான இடத்தில், மேசைக்குப் பின்னால் குந்தினார். கணினியின் முதுகில் காற்று வெளியேறும் இடத்தில் கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். சுஹைரா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“ஃபேன் நல்லா அடிக்குது,” என்றார்.

“மறுகா?”

“சூடு வெளிய வருது. வந்து எங்க போகும்? இந்த அறைக்குள்ளதான் நிக்குது. அதையே திரும்ப உறிஞ்சுது. ஃபிரிட்ஜை அலுமாரிக்குள்ள பூட்டி வெச்ச மாதிரி. யன்னலைத் திற.”

“யன்னலைத் திறந்தா ஒழுங்கையில போறவன் எல்லாம் ரிஸ்லாட கல்யாணத்துக்கு வந்திருவான். திரை நேர யன்னலைத்தான் பாத்து இரிக்கி.”

“அப்ப திரையைத் திருப்பு.”

“திருப்பினா கதவு. கதவால நீங்க.”

தாஹிர் யோசித்தார். தேத்தண்ணி ஆறுகிற நேரம். “நான் ஒண்டு கேக்குறன். அது வேலை செய்யேக்க நீ திரையைப் பாத்துக்கொண்டே இரிக்கோணுமா? பாக்காட்டி வேலை செய்யாதா?”

சுஹைராவின் கண் திரையின் பொத்தானில் போய் நின்றது.

சும்மா கிடந்த கணினி ஒருமுறை தூங்கப் போய் எழும்பாமலே கிடந்தது. இந்த மாதிரிப் பெட்டிகளுக்கு அந்த நோய் உண்டு. அன்றிலிருந்து திரையின் பொத்தானைத் தொடவே அவளுக்குப் பயம். வார்க்கிற நேரமெல்லாம் விழித்தபடி நூற்றுவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஆனால் கணினி தூங்குவது வேறு, திரையின் விளக்கை மட்டும் அணைப்பது வேறு. அது கண்ணை மூடுகிற மாதிரித்தான். கை வேலையை விடாது. இரண்டு வருடமாக ஒரு திரையை மறைப்பதற்காக ஓர் அறையையே மூடி வைத்திருக்கிறாள். பொத்தான் திரைக்குக் கீழே, பட்டாணிக் கடலை அளவில் இருந்தது.

“நான் ஒரு மடச்சி,” என்றாள் சுஹைரா.

தாஹிர் அதை மறுக்கவில்லை. அன்றைக்கு அவர் செய்த ஒரே பிழை அதுதான்.

பதினொன்றேகாலுக்கு மூன்றாம் தடவை வார்க்கவிட்டாள். நாற்பத்தேழிலேயே விட்டாள். ஓடத் தொடங்கியதும் பிஸ்மில்லாஹ் சொல்லித் திரையின் பொத்தானை அமுக்கினாள். கறுத்தது. ஃபேன் மட்டும் ஓடியது. குசினியிலிருந்து ஃபிரிட்ஜுக்குப் போடும் பூப்போட்ட உறையை எடுத்துவந்து திரைக்குப் போர்த்தி, பின்பக்கம் முடிச்சும் போட்டாள். பிறகு ஊசிகளைக் கழற்றித் திரைச்சீலையை ஒதுக்கி யன்னலின் கொக்கியைத் தட்டினாள். துருப்பிடித்த கொக்கி, சுத்தியலால் தட்டவேண்டியிருந்தது. யன்னல் திறந்ததும் கடற்காற்று உள்ளே வந்து, கொப்பியைப் புரட்டி, நாட்காட்டியைச் சுவரோடு அடித்தது. தாஹிர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை ஃபேனை அதன் வாய்க்கு நேரே வைத்தார். இரண்டு வருடத்தில் முதல்தடவையாக அந்த அறைக்குள் நிமிர்ந்து நின்று நாலு பக்கமும் பார்த்தார். “சுவர் நீலமா? நான் பச்சை எண்டெல்லா நினைச்சிருந்தன்,” என்றார்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது. சுஹைராவின் யன்னல் திறந்திருக்கிறது, அறைக்குள் புருசன் நிற்கிறார், ரிஸ்லாவின் வீடியோ ஓடுகிற அறை அது என்ற செய்தி அரை மணியில் ரபீக்காவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டு மணிக்கு முன்னாலேயே ரபீக்கா குடையும் கையுமாக வாசலில் நின்றாள். திறந்த யன்னலைப் பார்த்தாள், திறந்த கதவைப் பார்த்தாள், கணினிக்குப் பக்கத்தில் குந்தியிருந்த தாஹிரைப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

“சுஹைரா. என்னகா வேல செஞ்சிருக்காய்?”

அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னாள். சுஹைரா ரபீக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, பூப்போட்ட உறைக்கு மேல் வைத்தாள். ரபீக்கா தடவினாள். முடிச்சைத் தடவினாள். உறையின் ஓரத்தைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியில் அவளுடைய முகம்தான் தெரிந்தது.

“உள்ளுக்க வேல நடக்குது ராத்தா. கண் மட்டும்தான் மூடியிரிக்கி. திறந்து வெச்சாத்தான் காத்து. இல்லாட்டி நாலு மணிக்கு உங்கட மகளுக்குக் குடுக்க ஒண்டுமில்ல.”

“இவர் பாக்கல்லியா?”

பதில் மேசைக்குப் பின்னாலிருந்து வந்தது. “ராத்தா, ரெண்டு வருசமா எனக்கு இதின்ட முதுகுதான் தெரியும். அதுக்கு முன்னுக்கு ஒருக்காப் பாத்தன். பழம் ஒண்டு தெரிஞ்சிது.”

ரபீக்கா சிரிக்கவில்லை. ஒரு கதிரையை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டு, முதுகை அதற்குக் காட்டி, குடையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. மீன்காரனின் தராசைப் பார்க்கிற அதே பார்வை.

திரை அணைந்திருந்ததால் வேலை எவ்வளவு முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் மூன்று: ஃபேனின் சத்தம், பெட்டியின் முன்னால் மினுங்குகிற சின்னச் சிவப்பு விளக்கு, பின்னால் தாஹிரின் கைக்குப் படுகிற சூடு. பத்து நிமிடத்துக்கு ஒருதடவை அவர் கையை வைத்து, “நல்லம்,” என்பார். பன்னிரண்டு தாண்டியது. முதல் இரண்டு தடவையும் நின்ற கணக்கைத் தாண்டியது. சுஹைரா மூச்சு விட்டாள். லுஹருக்கு ஆள் மாறி ஆள் மாறித் தொழுதார்கள். சோறும் மீன் சொதியும் அந்த அறையிலேயே நடந்தது. சாப்பிடும்போதும் ரபீக்கா கதிரையை விட்டு எழும்பவில்லை. இரண்டு மணிக்குமேல் விளக்கு கொஞ்சம் மந்தமாகியபோது, “இது ஏன் மினுங்கல்ல?” என்று முதலில் கேட்டது அவள்தான். மறுபடி மினுங்கியதும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னதும் அவள்தான். மூன்று மணிக்கு, தாஹிர் கை வைக்க மறந்துபோனதை அவளே ஞாபகப்படுத்தினாள். “தம்பி, கையை வெச்சுப் பாருங்க.”

மூன்று இருபத்தைந்துக்கு டிங் என்று மணியடித்தது.

தாஹிர் சொல்லாமலே எழும்பி வெளியே போய்க் கதவைச் சாத்தினார். சுஹைரா யன்னலை மூடி, உறையின் முடிச்சை அவிழ்த்துப் பொத்தானை அமுக்கினாள். முழுதாக வந்திருந்தது. முதலிலும் நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பார்த்தாள். கடைசியில் ரபீக்கா மகளின் மருதாணிக் கையைப் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். பாட்டு நடுவில் மறந்துபோக, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கதிரையில் இருந்த ரபீக்கா அதைப் பார்த்தாள். முக்காட்டின் முனையால் மூக்கைத் துடைத்தாள்.

“நான் இப்பிடியா சிரிக்கிற?”

“ஓம் ராத்தா.”

“வடிவாத்தான் இரிக்கி.”

சின்ன டிஸ்க்குக்குக் கொப்பி ஆகத் தொடங்கியது. இன்னும் எட்டு நிமிடம் என்று காட்டியது. வெளியே தாஹிர் த்ரீவீலரை நிறுத்தி வைத்துவிட்டு, வீட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றார். ரபீக்கா கதவிடுக்கால் அவரைப் பார்த்தாள்.

“மனுசன் நாலு மணித்தியாலமா முதுகோட குந்தியிருந்தார் என்ன? நீ செய்யிற வேல ஒண்டும் அவர் பாத்தே இல்லியா?”

“எப்பிடிப் பாக்கிற? எல்லாம் உங்கள மாதிரி ஆக்கள்ற அமானத்து.”

ரபீக்கா திரும்பித் திரையைப் பார்த்தாள். “அந்த வட்டிலப்பம் வாற இடம் ஒண்டு இரிக்கே, தொடக்கத்தில. அதில ஆளே இல்ல. சட்டி என்ட. நான் உத்தரவு தாறன். அத அவருக்குக் காட்டு.”

சுஹைரா திரும்பி அவளைப் பார்த்தாள். ஊரில் எதையும் நம்பாத மனுசி அது. சுஹைராவின் கண் நிறைந்துவிட்டது. மறைக்க அவள் முயலவும் இல்லை. அந்த இடத்தை மட்டும் வெட்டித் தனியாக வைத்தாள். பதினொரு வினாடி. ரபீக்கா எழும்பி, எதற்கும் இருக்கட்டும் என்று திரைக்குப் பக்கத்தில் உறையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டாள். தாஹிரைக் கூப்பிட்டார்கள்.

அவர் வழக்கம்போலக் கண்ணைத் தரையில் போட்டபடி மேசைக்குப் பின்னால் போகப் பார்த்தார்.

“அங்கால இல்ல,” என்றாள் சுஹைரா. “இஞ்சால வாங்க. முன்னுக்கு.”

கதிரையில் உட்கார்ந்து மெல்ல நிமிர்ந்து பார்த்தார். ஒரு கை உயரும் நிழல். சட்டியின் மூடி விலகுகிறது. காலை வெயில் பக்கவாட்டில் விழ, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பத்திலிருந்து ஆவி எழும்பி, சுருண்டு, யன்னல் கம்பிகளுக்கு இடையால் போகிறது. முந்திரிப்பருப்பு ஒன்று நெய்யில் மினுங்குகிறது. முடிந்தது.

தாஹிர் யோசித்தார். இந்தத் தடவை சுஹைரா பல்லைக் கடிக்கவில்லை.

“ஆவி போற வழி வடிவாத் தெரியுது,” என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, “இன்னொருக்காப் போடு,” என்றார்.

மூன்று தடவை போட்டாள். கொப்பி முடிந்த மணியடித்தது. வேனுக்கு நேரமாகி, டிஸ்க்கை வாங்கிக்கொண்டு புறப்பட்டபோதும் ரபீக்கா திரைக்கு உறையைப் போர்த்தவில்லை.